நேரடி விமானமா, இணைப்பு விமானமா?

பத்து நகரங்களை ஒன்றோடொன்று நேரடி விமானச் சேவையால் இணைக்க 45 வழித்தடங்கள் தேவை. அவற்றுள் ஒன்றை மையமாக்கி, ஏனையவற்றை அதனுடன் இணைத்தால் 9 வழித்தடங்களே போதும். வண்டிச் சக்கரத்தின் குடத்தில் ஆரக்கால்கள் வந்து சேர்வதை ஒத்த இம்முறை, அமெரிக்கா 1978-இல் விமானத் துறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பின்னர் விரைந்து பரவியது. துபையும் தோஹாவும் இம்முறையால் வளர்ந்தவையே.

பயணிக்கு எது நன்மை? நேரடி விமானத்தில் நேரம் மிச்சமாகிறது. உடைமைகள் தவறும் வாய்ப்பும், அடுத்த விமானத்தைத் தவறவிடும் அச்சமும் குறைகின்றன. ஆனால், இருக்கைகளை நிரப்பும் அளவுக்குப் பயணிகள் உள்ள பெருநகரங்களுக்கே அது கிட்டும். திருச்சியிலிருந்து லண்டன் செல்வோர் மட்டும் ஒரு விமானத்தை நிரப்ப இயலாது. லண்டன், பாரீஸ், சிட்னி செல்வோர் அனைவரும் ஒரே மையத்துக்குச் செல்லும் விமானத்தில் ஏறினால் அது நிரம்பும். சிறுநகரங்களுக்கு உலகத்தின் வாசல் இவ்வாறே திறக்கிறது.

குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு பறக்கும் போயிங் 787 விமானம் 2011-இல் சேவைக்கு வந்தது. பெருமையங்களை நம்பி உருவாக்கப்பட்ட ஏர்பஸ் ஏ380 விமானத்தின் உற்பத்தி 2021-இல் முடிவுற்றது. எனவே, மையங்களின் காலம் முடிந்துவிட்டது என்போர் உண்டு. அம்மாற்றத்தின் பயன் பெரிதும் பெருநகரங்களையே சென்றடைந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இரு முறைகளிலும் இடர்கள் உள்ளன. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தனது வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், தில்லியிலிருந்து அமெரிக்கா சென்ற நேரடி விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. அதே ஆண்டு ஜூனில் கத்தார் தனது வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, தோஹாவை நம்பியிருந்த பயணிகள் பல நாடுகளில் தவித்தனர்.

இந்தியா - துபை ஒப்பந்தப்படி ஒவ்வொரு தரப்பும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகளையே இயக்கலாம். தில்லியையும் மும்பையையும் பன்னாட்டு மையங்களாக்க விரும்பும் மத்திய அரசு, இவ்வரம்பை உயர்த்தத் தயங்குகிறது. உள்நாட்டு மையம் உருவாக வேண்டும் என்பது நியாயமான நோக்கமே. ஆனால், அதுவரை வரம்பின் சுமையைக் கட்டணமாகச் சுமப்பவர் பயணியே. வளைகுடாவில் உழைக்கும் தொழிலாளியும் அவருள் அடங்குவார்.

வரம்பை முழுமையாக நீக்க வேண்டியதில்லை. கூடுதல் இருக்கைகளைத் திருச்சி, மதுரை, கோவை போன்ற நகரங்களிலிருந்து இயக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் வழங்கலாம். பெருநகரப் பயணிக்கு நேரடி விமானம் வாய்க்கும். சிறுநகரப் பயணிக்கு ஒரே மாற்றத்தில் முடியும் பயணமாவது வாய்க்க வேண்டும்.