கடைசி இடத்தில் அரியலூர்

வாழும் நாடு எது, வாடும் நாடு எது என்று உலகம் கணக்கெடுக்கிறது. 2025ல் ஐ.நா. வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையில், 193 நாடுகளுள் இலங்கைக்கு 89ஆம் இடம்; வியட்நாமுக்கு 93; இந்தியாவுக்கோ 130! தமிழகம் அப்படியல்லவே என்று ஆறுதல் கொள்கிறோம். அந்த அளவுகோலை நம் மாவட்டங்களின்மீதும் வைத்துப் பார்க்க வேண்டாமா?

தமிழக அரசின் 2017ஆம் ஆண்டு அறிக்கையில் கன்னியாகுமரி முதலிடம். கடைசி இடம் அரியலூருக்கு. அதற்கு முந்தைய இடம் பெரம்பலூருக்கு! வளமற்ற பூமியா இது? பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். மண்ணின்மேல் சிமெண்டு ஆலைகள். ஆலையின் உற்பத்தி மாவட்டக் கணக்கில் ஏறுகிறது. ஆதாயமோ குடிசைக்குள் இறங்குவதில்லை. சராசரி என்னும் திரைக்குப் பின்னே வறுமை ஒளிந்துகொள்கிறது.

இலங்கையை உயர்த்தியவை சுரங்கங்கள் அல்ல. 1945 முதல் வந்த இலவசக் கல்வியும், இலவச மருத்துவமும்தான். இங்கும் வழி இருக்கிறது. சுரங்கம் பாதித்த ஊர்களுக்கென்றே, 2015ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியை வகுத்தது. அந்நிதி பள்ளியாயிற்றா, மருத்துவமனையாயிற்றா, குடிநீராயிற்றா? ஊர்தோறும் கேளுங்கள், விடை கிடைக்கும்வரை கேளுங்கள்!