மேசைத் தொலைபேசிக்கு வந்த புதுக் கம்பி

திருப்பதியில் விடுதி நடத்தும் அன்பர்களும், சித்தூரில் மாங்கூழ், வெல்லம் முதலியவற்றின் வாணிகத்தில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களும் சில காலமாக ஒரே வினாவை எழுப்பி வருகின்றனர். காரியாலயத்து மேசையில் இருக்கும் பழைய டெலிபோனை எடுத்துவிட்டு, இணையத்தின் வழியே பேசும் டெலிபோனை வைத்துக்கொள்ளலாமா என்பதே அவ்வினா. தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆயினும், விற்பனையாளர் சொல்லாமல் விடும் சில செய்திகளை அறிந்துகொண்டு வைப்பது நலம்.

நம் பெரியோர்களுக்கு டிரங்க் கால் காலம் நினைவிருக்கும். சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். 1911-ஆம் ஆண்டு வரையில் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராக விளங்கியதும் சித்தூரே. அவ்வாறிருந்தும், இங்கிருந்து அங்கே ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டுமாயின், தொலைபேசி நிலையத்தில் பதிவு செய்துவிட்டு மணி ஒலிக்கும் வரையில் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று அழைப்புக்களில் வகை உண்டு. விரைவு வேண்டுவோர் பன்மடங்கு கட்டணம் செலுத்தினர். இடையில் ஆள் இன்றி நேரே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் வசதி, இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையேதான் முதன்முதலில் ஏற்பட்டது.

அந்தப் பழைய முறையில், இருவர் பேசும்போது அவ்விருவருக்கும் மட்டுமே உரிய ஒரு பாதை தொலைபேசி நிலையத்தில் அமைத்துக் கொடுக்கப்படும். அவர்கள் பேசாது மௌனமாக இருந்தாலும் அப்பாதை பிறர்க்கு இல்லை. புதிய முறையோ முற்றிலும் வேறு. கருவிக்குள் நம் குரல் விநாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, எண்களாக மாற்றப்படுகிறது. அவ்வெண்கள் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள சிறு பொதிகளாகக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் சேரவேண்டிய முகவரி எழுதப்பட்டு, இணையம் என்னும் பொதுப்பாதையில் அனுப்பப்படுகின்றன. அதே பாதையில் கடிதங்களும், படங்களும், பிள்ளைகள் பார்க்கும் சினிமாவும் உடன் செல்கின்றன.

திருமலைக்குச் செல்லும் ஒரு யாத்திரைக் குழுவை எண்ணிப் பாருங்கள். சிலர் அலிபிரியிலிருந்து 3,550 படிகளில் ஏறுகின்றனர். சிலர் ஸ்ரீவாரி மெட்டு வழியே 2,388 படிகளில் ஏறுகின்றனர். முதியோர் பஸ்ஸில் செல்கின்றனர். மேலே சென்றதும் அனைவரும் ஒன்றுகூடி, வரிசையில் நிற்கின்றனர். குரற்பொதிகளும் அவ்வாறே இறுதியில் வரிசைப்படுத்தப்படுகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. யாத்திரிகர் ஒருவர் பிந்தினால் குழு காத்திருக்கும், பேச்சோ காத்திராது. மிகவும் பிந்தி வரும் பொதி எறியப்பட்டுவிடும். அதனால்தான் இணைய டெலிபோனில் சில வேளைகளில் சொற்கள் நடுவே அறுந்து விழுகின்றன. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குக் குரல் சேர்வதற்கு 150 மில்லி விநாடிக்கு மேற்படாதிருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவு. ஓர் உரையாடலுக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 90 கிலோபிட் வேகம் போதும். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேச ஒரு மெகாபிட்தான் தேவை. எனவே குரல் அறுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகக் குறைவன்று. காரியாலயத்திலேயே வேறு யாரோ படம் பார்த்துக்கொண்டிருப்பதுதான். குரற்பொதிகளுக்கு முன்னுரிமை தருமாறு இணையப் பெட்டியை அமைத்துவிட்டால் இக்குறை பெரிதும் நீங்கும்.

சட்டத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று இணையப் பேச்சு வரையறைகளுடன் அனுமதிக்கப்பட்டது. வெளிநாட்டிலுள்ள மகனுடன் கணினி வழியே பேசலாம். உள்நாட்டுத் தொலைபேசி எண்ணுக்கு அவ்வாறு பேசுதல் கூடாது என்றிருந்தது. 2018-இல் அத்தடை நீங்கி, அவ்வாண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் ‘விங்ஸ்’ என்னும் பெயரில் இச்சேவையை அறிமுகம் செய்தது. உரிமம் பெற்ற நிறுவனங்களிடமிருந்தே இணைப்பைப் பெறவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. மலிவு என்று சொல்லி, வெளிநாட்டு அழைப்புக்களை உள்ளூர் எண்களாக மாற்றித் தரும் பெட்டியைத் தம் கடையில் வைக்குமாறு சிலர் அணுகலாம். இடம் கொடுத்துவிடாதீர்கள். உரிமமின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இடம் தருகிறது.

இனி, நாம் மிகுந்த கவனம் செலுத்தவேண்டிய செய்திக்கு வருவோம். பழைய டெலிபோனுக்கு நம் வீட்டு மின்சாரம் தேவையில்லை. தொலைபேசி நிலையத்திலுள்ள 48 வோல்ட் மின்கலங்களிலிருந்து அதே செம்புக் கம்பி வழியே அதற்கு வேண்டிய சக்தி வந்தது. ஊரெங்கும் இருள் சூழ்ந்தாலும் டெலிபோன் உயிருடன் இருந்தது. புதிய கருவியோ மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கருவி, இணையப் பெட்டி, இவற்றை இணைக்கும் சுவிட்ச் ஆகிய மூன்றுக்கும் யு.பி.எஸ். வேண்டும்; ஒன்றை விட்டாலும் பயனில்லை. இணையக் கம்பியின் வழியாகவே கருவிக்கு மின்சாரம் தரும் சுவிட்சுகள் கிடைக்கின்றன. அவ்வகையை வாங்கினால், ஒரே இடத்தில் ஒரு யு.பி.எஸ். வைத்து எல்லா மேசைகளுக்கும் உயிரூட்டலாம். சற்றே விலை கூடுதலாயினும் அதையே வாங்குங்கள் என்பது எம் கருத்து.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 2013-ஆம் ஆண்டு ஒரு விடுதி அறையில் பெண்மணி ஒருவர் தாக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள், பள்ளியில் கற்றவாறே, அவசர எண்ணை நான்கு முறை அழைத்தாள். அழைப்புச் செல்லவில்லை. அவ்விடுதியின் டெலிபோனில் வெளியிணைப்புக்கு முதலில் 9-ஐ அழுத்தவேண்டும் என்பது அக்குழந்தைக்குத் தெரியாது. தாய் இறந்துவிட்டார். பல இணைப்புக்கள் உள்ள எந்தத் தொலைபேசி அமைப்பிலும் முன்னெண் இன்றியே அவசர எண்ணை அழைக்க இயலவேண்டும் என்று 2018-இல் அந்நாடு சட்டம் இயற்றியது.

நம் திருப்பதி விடுதிகளில் தங்குவோர் யார்? மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வரும் முதியோர், தெலுங்கு அறியாதோர், அறைத் தொலைபேசியில் முதலில் எதை அழுத்துவது என்று அறியாதோர். நள்ளிரவில் ஒருவருக்கு மார்வலி வந்தால் 108 என்பது மட்டுமே நினைவுக்கு வரும். புதிய கருவியை அமைப்பவரிடம், 108-ம் 112-ம் எவ்வறையிலிருந்தும் நேரே செல்லவேண்டும், அதே கணத்தில் முன்மேசையில் அறை எண் தெரியவேண்டும் என்று கேளுங்கள். இது சில நிமிட வேலை. கேட்காவிட்டால் செய்யமாட்டார்.

மற்றொன்றும் உண்டு. இணைய டெலிபோன் எங்கே செருகப்பட்டாலும், ‘நான் இங்கிருக்கிறேன்’ என்று தலைமைக் கணினிக்கு அறிவித்துவிட்டுத் தன் பழைய எண்ணிலேயே பேசும். அதுவே அதன் சிறப்பு. திருப்பதிக் காரியாலயமும் சித்தூர்க் கிளையும் ஒரே கட்டிடத்தின் இரு அறைகள் போலப் பேசிக்கொள்ளலாம். ஆனால் சித்தூர்க் கிளையிலிருந்து செல்லும் அவசர அழைப்புத் திருப்பதியின் 0877 எண்ணைத் தாங்கிச் சென்றால், ஆம்புலன்ஸ் எவ்வூருக்குப் புறப்படும்? எனவே அழைப்பவர் முதலில் ஊரையும் தெருவையும் சொல்லவேண்டும். அதைக் கருவியின் அருகிலேயே தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டிவையுங்கள்.

களவைப் பற்றிச் சுருக்கமாக: கருவியுடன் வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். மாற்றாத கருவியில் கயவர் இரவில் புகுந்து, நம் கணக்கில் அயல்நாடுகளுக்கு அழைத்துவிடுவர். இணையத்தின் வழியே அழைப்போர் பொய்யான எண்ணைக் காட்டவும் இயலும். 2024 அக்டோபரில் மத்திய அரசு இத்தகைய வெளிநாட்டு அழைப்புக்களைத் தடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, முதல் ஒரு நாளிலேயே ஏறத்தாழ 1.35 கோடி அழைப்புக்கள் பிடிபட்டன. திரையில் காவல் நிலையத்தின் எண் தெரிவதால் மட்டும் பேசுபவர் காவலர் ஆகிவிடமாட்டார். பணத்தை இழந்தோர் உடனே 1930-ஐ அழைக்கவேண்டும்.

புதிய அமைப்பில் அழைப்போரை வரவேற்கும் பதிவுக் குரலை எத்தனை மொழியிலும் வைக்கலாம், மிகுதிச் செலவில்லை. தமிழர் நடத்தும் விடுதிகளிலேயே தெலுங்கும் ஆங்கிலமும் மட்டும் ஒலிப்பது விந்தை. தமிழ்நாட்டிலிருந்து அறை கேட்டு அழைப்போர் எத்தனை பேர்! வீட்டில் நன்றாகப் பேசக்கூடிய ஒரு பெண்ணையோ பிள்ளையையோ கொண்டு தமிழிலும் பதிவு செய்யுங்கள்.

பழைய கருவியை எறிய மனம் வராதோர்க்கு ஒரு வழி உண்டு. இணையக் கம்பிக்கும் பழைய டெலிபோனுக்கும் இடையே வைக்கும் சிறு மாற்றுப்பெட்டி கடைகளில் கிடைக்கிறது. பொத்தான் அழுத்தும் கருவிகள் அதனுடன் நன்கு இயங்கும். எண் சுழற்றும் கறுப்புக் கருவியின் துடிப்புக்களை அறியும் பெட்டிகள் மட்டும் சிலவே. ஆதலால் கருவியைக் கையோடு கொண்டு சென்று, கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.