தொண்டர் தேவை

சென்ற ஞாயிறன்று ஆம்பூரில் ஒரு மாலைப் பாடசாலைக்குத் தொண்டர்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் அடியேனும் ஓர் அங்கத்தினனாக உட்கார்ந்திருந்தேன். தோல் பதனிடும் சாலைகளிலும் செருப்புத் தொழிற்சாலைகளிலும் உழைப்போரின் குழந்தைகளுக்குக் கணக்கும் தமிழும் கற்பிக்க வேண்டும், சம்பளம் கிடையாது. வேண்டியவர் பன்னிருவர்; வந்தவர் முப்பத்தொருவர்.

"ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டோம். "சேவை செய்யத்தான்" என்று பெரும்பாலோர் ஒரே ராகத்தில் சொன்னார்கள். மனப்பாட விடையை ஓர் உபாத்தியாயனுக்கு அடையாளம் தெரியாதா?

எனக்கு 1930-ஆம் வருஷத்து வேதாரண்ய யாத்திரை நினைவு வந்தது. தண்டிக்குப் புறப்பட்ட காந்திஜி தம் ஆசிரமவாசிகளையே அழைத்துச் சென்றார். ஒவ்வொருவரும் அவர் அறிந்த பிள்ளை. ராஜாஜிக்கு அந்த வசதி இல்லை. ஏறக்குறைய 1,000 பேர் முன்வந்தார்கள்; அவர் பொறுக்கியெடுத்ததோ சுமார் 100 பேரைத்தான். ஏன் அவ்வளவு கறார்? ஏப்ரல் 13-ல் திருச்சியில் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து கிளம்பி, 28-ல் வேதாரண்யம் சேரும்வரை சுமார் 150 மைல், கோடை வெயிலில் நடை. தொண்டருக்குச் சோறும் இடமும் கொடுப்போரைத் தண்டிப்பதாகத் தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். பசித்த வயிற்றோடு அடிபட்டும் கை ஓங்காதவனல்லவா வேண்டும்? ஒருவன் தடுமாறினால் யாத்திரையே பழுது. 1921 டிசம்பர் முதல் மூன்று மாதம் எங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தவர் ராஜாஜி. மேடைச் சூரர்கள் கம்பிக்குள் எப்படி மாறுவார்கள் என்பதை அங்கே கண்டிருப்பாரென்பது என் ஊகம்.

ஆகவே கேள்வியை மாற்றினேன். "எந்தெந்த நாள் உங்களால் வர இயலாது?"

சேவா வீரர்கள் விழித்தார்கள். தோல் சாலைத் தொழிலாளி ஒருவர் மட்டும் யோசித்துச் சொன்னார்: "பச்சைத் தோல் லாரி வருகிற அன்றைக்கு முடியாது, ஐயா. மற்ற நாள் ஆறரைக்கு வந்துவிடுவேன். படித்தது எட்டாவதுதான், ஐந்தாம் வகுப்புக் கணக்குவரை தைரியமாகச் சொல்லித் தருவேன்."

அவர் வெளியே போனதும் அங்கத்தினர் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மனிதர்தான், ஆனாலும் அந்த வாடை…" என்றார். கற்க வரும் குழந்தைகளின் வீட்டிலும் அதே வாடைதானே! இதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த மனுவைப் புரட்டினேன். அவர் பெயர் பதின்மூன்றாவதாயிற்று.

தேர்வாகாதவர்களுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு என்னுடையது. பதினெட்டுக் கடிதங்கள் முடிந்தன. பத்தொன்பதாவதை மூன்று நாளாகத் தொட்டுத் தொட்டு வைக்கிறேன். "வருந்துகிறோம்" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. இன்று மாலை பட்டியலை எடுத்துக்கொண்டு காரியதரிசியின் வீட்டுக்குப் போகிறேன். கைக்குட்டைக்காரரையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.