பழைய காருக்கு எதுக்குப் பந்தய வேஷம்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கின கையோட "டிராக்குக்கு ரெடி பண்ணணும்"னு கிளம்புறவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. 1989-ல வந்த முதல் மாஸ்டா மியாட்டாவையே எடுத்துக்குங்க. 1.6 லிட்டர் இன்ஜின், எடை ஒரு டன்னுக்கும் கம்மி. லேசா இருக்கிறதுதான் அதோட அழகே. அதுல டர்போவைச் சொருகி, கல்லு மாதிரி சஸ்பென்ஷன் மாட்டி... ஏன் சாமி?

முதல்ல பிரேக் ஆயிலைப் பாருங்க. டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது. காத்து ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா 155 தாங்கினாலே பாஸ்! எப்பவோ ஊத்தின ஆயிலோட டிராக்ல நாலு சுத்து அடிச்சா, அது கொதிச்சு பெடல் தரையைத் தொடும். அப்ப டர்போவா வந்து வண்டியை நிறுத்தும்?

ரேஸ் பிரேக் பேட் இன்னும் மோசம். சூடானாத்தான் கடிக்கும். காலைல முதல் சிக்னல்ல என்ன பண்ணுவீங்க?

காமர்ஸ்காரன் புத்தி, காசையும் சொல்லிடறேன். மாட்டின சாமானுக்குப் போட்ட காசு விக்கும்போது திரும்பாது. "எப்படி அடிச்சு ஓட்டினானோ"ன்னு அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பாங்க.

நிஜமாவே டிராக்குக்குப் போறவரா? மேல கூரை இல்லாத காருக்கு ரோல் பார் போடுங்க, அதுல நான் வாயே திறக்கலை. ஆனா ஆயிலை மாத்திட்டுப் போடுங்க.