மலிவு ஹெலிகாப்டரும் மலைப்பாதையும்

இலக்கியம் பேசும் இடத்தில் ஹெலிகாப்டருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். 'உலங்கு வானூர்தி' என்று தமிழாக்கிவிட்டு நாமும் நகர்ந்துவிடலாம்தான். ஆனால் தர்மபுரி மாவட்டத்து மலைக்கிராமங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் படித்தவர் நடுவே ஒரு யோசனை தவறாமல் தலைகாட்டுகிறது. இராணுவம் கழித்துவிட்ட ஹெலிகாப்டர் ஒன்றை மலிவாக வாங்கி, நோயாளிகளை ஏற்றிவர விட்டால் என்ன என்பதே அது. கருணையும் சிக்கனமும் ஒருங்கே தொனிக்கும் யோசனை. அதனாலேயே அதை மறுத்தாக வேண்டியிருக்கிறது.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுவோம். பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலைக்கு 2019, 2021 தேர்தல்களில் வாக்குப்பதிவு எந்திரங்கள் கழுதை முதுகில் ஏறின. நாளிதழ்கள் அதைச் சுவையான படமாக வெளியிட்டன. நாமும் பார்த்து வியந்தோம். அதே வட்டாரத்தின் அலகட்டு மலைக்கிராமத்தில் 2024இல் பாம்பு தீண்டிய சிறுமி ஒருத்தியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். அவள் பிழைக்கவில்லை. இந்தச் சாவுக்கு விடை தேடும்போதுதான் நம்மவர் வானத்தைப் பார்க்கிறார்கள்.

கழித்த ஹெலிகாப்டரின் விலை குறைவுதான். ஆனால் ஹெலிகாப்டர் என்பது ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிடும் பொருளன்று. சுழலிறகு, பற்சக்கரப் பெட்டி, எஞ்சின் என ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரப் பறத்தல் என்று ஆயுள் விதிக்கப்பட்டிருக்கிறது. அது தீர்ந்ததும், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றியே ஆகவேண்டும். எத்தனை மணி பறந்தது என்பதற்கான பதிவேடு தொலைந்துவிட்டால் அந்த உறுப்பு வெறும் இரும்பு. படைக்கென்று செய்யப்பட்ட எந்திரத்தைக் குடிமக்கள் பயணத்துக்கு மாற்ற, சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் சான்று வேறு வேண்டும். இந்திய விமானப்படை 1972 முதல் வைத்திருந்த எம்ஐ-8 ஹெலிகாப்டர்களுக்கு 2017 டிசம்பரில், நமக்கு அண்மையிலுள்ள எலகங்காவில், விடைகொடுத்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த எந்திரத்தை, அதைப் பேணத் தெரிந்த படையே போதும் என்று நிறுத்திவிடுகிறது. அதை மாவட்ட நிர்வாகம் பேணும் என்று நம்புவது எந்தக் கணக்கு?

மலிவு எவ்வளவு செலவு வைக்கும் என்பதை இந்தியா ஒருமுறை பட்டறிந்திருக்கிறது. 1986இல் பவன் ஹான்ஸ் நிறுவனத்துக்காக 21 வெஸ்ட்லண்ட் 30 ஹெலிகாப்டர்கள் வாங்கப்பட்டன. அவை படையில் கழித்தவை அல்ல. ஆனால் லின்க்ஸ் என்ற இராணுவ ஹெலிகாப்டரின் உறுப்புகளைக் கொண்டு உருவாக்கப்பட்டவை, சந்தையில் சரியாக விலைபோகாதவை. பிரிட்டன் தன் உதவி நிதியிலிருந்து சுமார் 6.5 கோடி பவுண்டு தந்ததால் ஏறக்குறைய இலவசம் என்றே தோன்றியது. உயிர்ப்பலி கொண்ட விபத்துகள் நேர்ந்தன. 1991இல் எல்லாம் தரையில் நிறுத்தப்பட்டன. பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, இறுதியில் 10 இலட்சம் பவுண்டுக்கும் குறைந்த தொகைக்குக் கைமாறின. இலவசமாக வந்த யானைக்கும் தீனி போட்டாக வேண்டும்.

அமெரிக்காவில் நடக்கிறதே என்பார்கள். உண்மை. அங்கே பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் ஏலத்துக்கு வருகின்றன. வனத்துறைகள் பழைய இராணுவ ஹெலிகாப்டர்களைக் கொண்டு காட்டுத்தீ அணைக்கின்றன. ஆனால் அந்த எந்திரங்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. உதிரி உறுப்புக்கென்றே அங்கு ஒரு தொழில் இருக்கிறது. படையில் பழகிய பழுதுநீக்குநர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படியிருந்தும், ஏலத்தில் எடுக்கும் தனியார் அவற்றுக்கு 'கட்டுப்படுத்தப்பட்ட வகை'ச் சான்றைத்தான் பொதுவாகப் பெற முடிகிறது. கட்டணப் பயணிகளை ஏற்றக் கூடாது. அரசுத் துறைகளுக்கு மட்டும் சற்று விலக்கு உண்டு. ஏலத்தை மட்டும் பார்த்துவிட்டு அதன் பின்னே நிற்கும் ஏற்பாட்டைப் பார்க்காதிருப்பது நேர்மையன்று.

எல்லாம் கைகூடிவிட்டது என்றே கொள்வோம். பாம்பு பெரும்பாலும் மழைக்காலத்தில், இருட்டில் தீண்டுகிறது. பிரசவ வலி பொழுது பார்த்து வருவதில்லை. மலையில் மேகம் இறங்கிய வேளையில் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. பறந்தால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே கண்டோம். பழைய எம்ஐ-8 வரிசையில் வந்த நவீன எம்ஐ-17வி5 அது, தேர்ந்த விமானிகள், முப்படைத் தலைமைத் தளபதியே அதில் பயணம் செய்தார். அதில் சென்ற பதினான்கு பேரும் மாண்டனர். கழித்த எந்திரத்தை நம்பி நள்ளிரவில் அலகட்டுக்கு யாரை அனுப்பப் போகிறோம்?

மலைமக்கள் கேட்பது வானூர்தி அன்று, பாதை. அதற்குச் சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), கிராம சபையின் பரிந்துரையோடு, சாலை, மருந்தகம், பள்ளி முதலியவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தர வகைசெய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. மூன்று மீட்டர் அகலத்தில் மூன்று கிலோமீட்டர் பாதை போட்டால் 0.9 ஹெக்டேர்தான் ஆகிறது. அதனினும் நீண்ட பாதைக்கு வேறு அனுமதி வேண்டும், காலம் பிடிக்கும். ஆனால் அது கோப்பு நகர்ந்தால் தீரும் தடை. பாதை அமையும்வரை, அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நஞ்சு முறிவு மருந்தும், அதைச் செலுத்தத் தெரிந்தவரும் இரவிலும் இருக்கட்டும். 108 சேவையில் இருசக்கர ஊர்திகளும் உண்டு. அவை ஏறும் அளவுக்கேனும் தடம் செப்பனிடப்படட்டும்.

ஹெலிகாப்டர் யோசனையில் நாம் காணும் பெரும் குற்றம் செலவன்று. பாதை போடாத பழியை அது மறைத்துவிடுகிறது. ஒரு நாள் பறந்து காட்டினால் பத்தாண்டுகளுக்குப் பாதையைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள். நமக்கு வேடிக்கை, அவர்களுக்குத் தூளி.

கோட்டூர்க் கழுதை ஏறிய வழியில் மருத்துவ ஊர்தி ஏற வேண்டும். அதைக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.