உச்சிக்குச் சற்றுக் கீழே



சீனாய் தீபகற்பத்திற்குச் செல்லும் யாத்திரிகர் பெரும்பாலும் ஏறுவது 2,285 மீட்டர் உயரமுள்ள ஜெபல் மூசா. அங்கே துறவிகள் அமைத்த கற்படிகள் உண்டு. ஒட்டகப் பாதையும் உண்டு. அதற்குத் தெற்கே 2,586 மீட்டர் உயரத்தில் ஜெபல் உம் ஷோமர் தனித்து நிற்கிறது. அதன் உச்சிக்குப் படிகள் இல்லை. வெட்டிய பாதையும் இல்லை.

பாதையற்ற பாலைநில மலை மனிதனை எளிதில் ஏமாற்றும். ஒரு பள்ளத்தாக்கு மற்றொன்றைப் போலவே தோன்றும். ஏறுகையில் கைக்கு எட்டிய பிடிப்பு, இறங்குகையில் காலுக்குத் தென்படாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஆகையால் வேண்டிய மட்டும் சுமந்து செல்லவும் இயலாது. எனவே அறிவுள்ளோர் புறப்படும் முன்னரே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வர். நீர் கிடைக்கும் இடங்களை அறிந்த பெதூயின் வழிகாட்டியின் சொல்லுக்குக் கீழ்ப்படிவர். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும், வேளை வந்துவிட்டால் திரும்பிவிடுவர்.

1812இல் பெட்ரா நகரை ஐரோப்பியருக்கு அறிவித்த சுவிஸ் பயணி புர்க்ஹார்ட், 1816இல் இம்மலையில் ஏறினார். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை வழிவிடவில்லை. அவர் திரும்பினார், உச்சியை அடையவில்லை என்பதை மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

அந்த நேர்மைக்கு நம் நடுவில் இடமுண்டா? சாட்சி நேரத்தில் உச்சியை அடைந்தவர்களையே அழைக்கிறோம். கடன் பெருகுமென்று கண்டு வீட்டுக் கட்டுமானத்தைப் பாதியில் நிறுத்தியவரும், மகளின் நலனுக்காக நிச்சயித்த திருமணத்தை நிறுத்திய பெற்றோரும் ஆலயத்தின் பின்வரிசையில் தலைகுனிந்து அமர்கின்றனர். சிலர் வருவதையே விட்டுவிடுகின்றனர். "விசுவாசமிருந்தால் இன்னும் சற்று முன்னே செல்லுங்கள்" என்று அவர்களுக்குச் சொல்வது ஆறுதலன்று. தண்ணீர் தீர்ந்தவனை மேலே தள்ளுவதாகும்.

திரும்புதல் யாவும் ஞானமென்று நான் கூறவில்லை. களைப்பையும் சலிப்பையும் காரணமாக்கித் திரும்புவது வேறு. தெளிந்த மனதோடு முன்னமே வகுத்த எல்லையை மதித்துத் திரும்புவது வேறு. முன்னது சோம்பல், பின்னது கீழ்ப்படிதல். மோசேயும் நேபோ மலையின் உச்சியில் நின்று வாக்குத்தத்த தேசத்தைக் கண்டார், அதற்குள் பிரவேசிக்கவில்லை. அதனால் அவருடைய ஊழியம் வீணானதென்று நாம் ஒருபோதும் பிரசங்கிப்பதில்லை.

பிரியமானவர்களே, இன்று நீங்கள் ஏறிக்கொண்டிருக்கும் மலைக்குத் திரும்பும் நேரத்தைக் குறித்திருக்கிறீர்களா? இல்லையெனில், மனம் அமைதியாயிருக்கும் இப்பொழுதே ஜெபத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மேலும், திரும்பி வந்த ஒருவரை இவ்வாரம் வீடு தேடிச் சென்று சந்தியுங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேளாதிருங்கள். அவர் பத்திரமாய்த் திரும்பி வந்ததற்காக அவரோடு சேர்ந்து தேவனை ஸ்தோத்தரியுங்கள். ஆமென்.