கணினியின் பதிவேட்டுக்கும் ஒரு நகல் வேண்டும்

வீட்டுப் பத்திரத்தின் நகலைத் தனியே எடுத்து வைப்பது நம் வழக்கம். ஆனால் இணையவழி வங்கிச் சேவைக்கு நாம் நாள்தோறும் நம்பியிருக்கும் கணினி தனக்கென வைத்திருக்கும் பதிவேட்டுக்கு நகல் உண்டா என்று கேட்பவர் சிலரே. புணேயின் ஹிஞ்சவாடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவை அடுத்துள்ள வாகட்டில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களும் இதைச் சிந்திக்க வேண்டும். அலுவலகக் கணினியைக் கவனிக்க நிறுவனத்தில் ஒரு துறையே உண்டு; வீட்டுக் கணினிக்கு நாமே பொறுப்பு.

விண்டோஸ் இயங்குதளத்தில் இப்பதிவேட்டின் பெயர் ரெஜிஸ்ட்ரி. நிறுவப்பட்ட மென்பொருள்கள், இணைக்கப்பட்ட கருவிகள், கணினியைத் திறந்தவுடன் தாமே இயங்க வேண்டியவை ஆகியவற்றின் அமைப்புகள் இதில் பதிவாகின்றன. இது பழுதானால் கணினி இயங்கவே மறுக்கலாம். தீய மென்பொருள்கள் இதில் தம்மை எழுதிக்கொண்டு, கணினியைத் திறக்கும்போதெல்லாம் விழித்துக்கொள்வதும் உண்டு.

முன்பு விண்டோஸ் இதன் நகலை 'ரெக்பேக்' என்னும் கோப்புறையில் தானே எடுத்து வைத்தது. 2018இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1803ஆம் பதிப்பிலிருந்து அவ்வழக்கம் நின்றது. கோப்புகளின் பெயர்கள் அங்கே இருக்கும்; உள்ளே ஒன்றும் இராது. வட்டில் இடத்தை மிச்சப்படுத்தவே இம்மாற்றம் என்று மைக்ரோசாஃப்ட் விளக்கியது. மிச்சமான இடம் சிறிது. பயனரிடம் வந்து சேர்ந்த பொறுப்போ பெரிது. இதைப் பயனருக்கு இன்னும் வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

செய்ய வேண்டியவை கடினமல்ல. 'சிஸ்டம் ரீஸ்டோர்' வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். பல கணினிகளில் அது அணைக்கப்பட்டே இருக்கும். புதிய மென்பொருளை நிறுவுமுன் ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்குங்கள். ஆனால் அது அதே கணினியின் வட்டிலேயே தங்குவது. வட்டு பழுதானால் அதுவும் போய்விடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்கள் அதை அழித்துவிடுவதும் உண்டு. ஆகவே மாதம் ஒருமுறை கணினியின் முழு நகலை வெளி வன்தட்டில் எடுத்து, உடனே கழற்றித் தனியே வையுங்கள். நகையை வீட்டில் வைக்காமல் வங்கி லாக்கரில் வைப்பதும் இக்காரணத்தால்தானே!

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகத்தைக் கூட்டுவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. அதே பெயரைச் சொல்லித் தொலைபேசியில் அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்போர் மோசடிக்காரர்கள். தொலை இயக்கச் செயலியான எனிடெஸ்க் வழியே நடக்கும் பணத் திருட்டு குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. அத்தகைய அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணிலும் உங்கள் வங்கிக் கிளையிலும் தெரிவியுங்கள்.